நூற்றியிருபது வரை

இல்ல சார், ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்கு இந்த ஓரம்தான் வேணும். எப்ப வேணும்னாலும் எந்திரிச்சு இறங்கிரலாம், அதுக்குத்தான். இதுக்கு முன்னாடி ஒரு பஸ்ல கேறி நெய்யாற்றின்கரையில இறங்கிட்டேன். ஏன் இறங்கினேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. திரும்பவும் திருவனந்தபுரத்துக்கே போயிருவோம்னு ரோட்டக் கடந்து எதிர்ப்பக்கம் நின்னேன். ரெண்டு பஸ் வந்துச்சு, ரெண்டையும் விட்டேன். பெறகு இந்தப் பக்கமே வந்து இதுல கேறிட்டேன்.

அழகியமண்டபம் வரைக்கும் போறேன். அங்கேருந்து திங்கள்சந்தை. பேரு ஏசுவடியான். திங்கள்சந்தையில இருபத்தெட்டு வருஷமா ஸ்டூடியோ வச்சிருக்கேன். கல்யாணம், ஞானஸ்நானம், பாஸ்போர்ட்டு போட்டோ, சாவு அடக்கம், எல்லாம் எடுப்பேன். உங்களுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருந்தா அவங்க கல்யாண ஆல்பம் நான் போட்டதாத்தான் இருக்கும்.

நான் உங்கள ஒண்ணு கேக்கேன். ஒரு உயிரக் காப்பாத்தின ஆளுகிட்ட எப்படி நடந்துக்கிடணும்? நன்றி சொல்லணும்னு நான் கேக்கல. அதெல்லாம் ஏற்கெனவே ஊரு முழுக்க சொல்லியாச்சு, பொன்னாடையும் போத்தியாச்சு. ஆனா அதுக்கப்பொறம் நாலு மாசம் போன எடுக்காம இருந்துட்டு, ஒரு கார்டு அனுப்பிக் கூப்பிட்டு, வந்த எடத்துல வச்சு... செரி, முதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். அழகியமண்டபம் வரைக்கும் எப்படியும் நேரம் இருக்கு.

கல்யாண வீட்டுல நின்னு நின்னு எனக்கு மனுசங்க மொகமே அலுத்துப் போச்சு சார். ஒல்லியாக் காட்டு, வெள்ளையாக் காட்டு, எனக்க தாடையக் காட்டாத, அண்ணியோட நிக்க மாட்டேன். இருபது வருஷம் இதக் கேட்டா யாருக்கும் அலுக்கும். ஒரு நாள் கடியபட்டணத்துல ஒரு திருமணம் முடிஞ்சு, மனசு சரியில்லாம கடலப் பாக்க நடந்தேன். லைட் ஹவுஸுக்கு மேக்க பாறைக்கூட்டம் ஒண்ணு உண்டு. சிப்பி எடுக்கிறவங்க போற எடம், அதனால சிப்பிப்பாறைன்னு சொல்லுவாங்க. ஒண்ணரை ஆள் ஒசரத்துல ரெண்டு கல்லு, எதிரெதிரா. நடுவுல ஒரு இடுக்கு. அலை வரும்போது அந்த இடுக்கு வழியாத்தான் தண்ணி ஏறி உள்ள வரும். அதுக்கு முன்னாடி மேசை மாதிரி ஒரு தட்டைக்கல்லு. அதுல நின்னு பாத்தா ரெண்டு கல்லுக்கும் நடுவுல வானம் மட்டும் தெரியும். நான் அன்னைக்குத்தான் முதல் தடவையா மனுசனே இல்லாத ஒரு படம் எடுத்தேன். அந்தக் கல்லு என்ன ஒண்ணும் கேக்கல.

அதுலேருந்து வாரத்துல மூணு நாள். விடியுறதுக்குள்ள ஆம்னி வேன எடுத்துட்டுப் போயிருவேன். எனக்க படத்துல கடல் எப்படி இருக்கும்னு கேட்டா, பால் மாதிரி, புகை மாதிரி இருக்கும். அலையே தெரியாது. கேமராவுக்கு முன்னாடி ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுட்டா வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள போகும். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் திறந்து வச்சிருக்கணும். அதுக்குள்ள எத்தன அலை வந்து போனாலும் எல்லாம் ஒண்ணாக் கலந்து ஆவி மாதிரி ஆயிரும். அசையாம நிக்கிற கல்லு மட்டும் கல்லா நிக்கும். நடுவுல ஒரு ஆளு ஓடினாலும் சரி, பறவை போனாலும் சரி, படத்துல இருக்காது. ஓடுறது எதுவும் நிக்காது.

கேமராவுல ஒரு வயர் மாட்டியிருக்கும், அதுக்க நுனியில ஒரு பட்டன். அத அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் கேமரா கண்ணத் திறந்திருக்கும். விரல எடுத்தா மூடிரும். விரல எடுத்தாலும் பூட்டி வைக்க ஒரு கொக்கி உண்டு, அது எனக்கு ஒடிஞ்சு போச்சு. வேற வாங்கல. கையால பிடிச்சு வாயால எண்ணுறது எனக்குப் பழகிப் போச்சு. நான் எண்ணுற நூத்தியிருபதும் கடிகாரத்துக்க நூத்தியிருபதும் ஒண்ணு ரெண்டுக்கு மேல பிசகாது. சும்மா சொல்லல.

இப்படி மூணு வருஷம் போச்சு. பெறகுதான் வத்சலா டீச்சர் வந்தாங்க. நாகர்கோவில்ல ஒரு பொம்பளைங்க காலேஜுல பிசிக்ஸ் எடுக்காங்க. மாப்பிள்ள மஸ்கட்ல. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஸ்கூட்டர்ல வருவாங்க, ஆரஞ்சு கலர் மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு, தோள்ல புதுக் கேமரா. மொத நாளே நேரா எங்கிட்ட வந்து, அண்ணாச்சி, நான் இங்க நின்னா உங்க படத்துல விழுவேனான்னு கேட்டாங்க. மரியாதையாத்தான் கேட்டாங்க. விழ மாட்டீங்க டீச்சர்னு சொன்னேன்.

நல்ல பழக்கம் சார் எங்களுக்குள்ள. நான் பிளாஸ்குல சாயா கொண்டு போவேன், அவங்க ஏதாவது கடிக்கக் கொண்டு வருவாங்க. படம் எடுத்து முடிச்சுட்டு மணல்ல உக்காந்து சண்டை போடுவோம். சண்டைன்னா பேச்சுதான். அவங்க எடுக்கிறது எனக்க வழிக்கு நேர் எதிர். கண்ணச் சிமிட்டுற நேரத்துல பத்துல ஒரு பங்குக்குள்ள எடுப்பாங்க. அலை பாறையில மோதி உடையும் பாருங்க, ஒவ்வொரு சொட்டும் கண்ணாடிச் சில்லு மாதிரி வானத்துல தனித்தனியா நிக்கும். பாத்தா பயமா இருக்கும். நான் சொன்னேன், டீச்சர், இது பேப்பர்ல புயல் செய்திக்குப் போடுற படம்னு. அதுக்கு அவங்க, அண்ணாச்சி, நீங்க கடலத் தூங்க வச்சுட்டுப் படம் எடுக்கிறீங்கன்னாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. எனக்கு அது வீட்டுக்கு வந்தும் போகல.

பாறசாலை தாண்டிருச்சா? இல்லையா? செரி செரி. நான் அடிக்கடி எட்டிப் பாக்கேன்னு நெனச்சுக்கிடாதீங்க. உக்கார முடியல, அவ்வளவுதான்.

போன வருஷம் திருவனந்தபுரத்துல ஒரு கேலரி, கடலும் பாறையும்னு படம் அனுப்பச் சொல்லி விளம்பரம் போட்டிருந்துச்சு. அதப் பாத்து டீச்சருக்குச் சொன்னதே நான்தான். இத நீங்க மனசுல வச்சுக்கிடணும். மறைக்கணும்னு நெனச்சிருந்தா மறைச்சிருக்கலாம்லா? ரெண்டு பேரும் அனுப்பினோம். டீச்சர் படம் பன்னிரண்டையும் கேலரிக்காரங்க எடுத்துக்கிட்டு, தனியாக் கண்காட்சி வைக்கிறோம்னு எழுதினாங்க. எனக்கும் ஒரு கடிதம் வந்துச்சு. ‘அழகாக இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன.’ ரெண்டே வரி. டீச்சர் அனுப்பின பன்னிரண்டுல நாலு படம் அந்தத் தட்டைக்கல்லுல நின்னு எடுத்தது. நான் கண்டுபிடிச்ச கல்லு.

டீச்சர் முந்திரிக்கொத்து செஞ்சு எடுத்துட்டு ஸ்டூடியோவுக்கே வந்தாங்க. அடுத்த தடவ உங்களுக்கும் கெடைக்கும் அண்ணாச்சின்னாங்க. நான் ஒண்ணு எடுத்துத் தின்னேன். நல்லா இருக்குன்னேன். மிச்சத்த ரோஸ்லின்கிட்ட, எனக்க வீட்டுக்காரிகிட்ட, கொடுத்துட்டேன். அப்பொறம் ஆனி மாசம் பொறந்து கடல் மாறிச்சு. போன வருஷம் ஆனி ஆடியில டீச்சர் அந்தப் பக்கம் வரவே இல்ல. நான் மேல ஏறி நிக்க ஆரம்பிச்சேன், டீச்சர் அந்தத் தட்டைக்கல்லுலேயே நின்னாங்க.

நான் ஏன் மேல ஏறினேன்னு சொல்லணும். சிப்பி எடுக்கிற அருளப்பன்னு ஒருத்தர் உண்டு. நான் போகத் தொடங்கின மொத ஆனியிலேயே அவரு எங்கிட்ட வந்து சொன்னாரு. ஸ்டூடியோக்காரரே, ஆனி ஆடியில அந்தக் கல்லுல நிக்காதியும். நின்னாலும் இடுக்குல ஒரு கண்ணு வச்சுக்கிடும். அந்த இடுக்குத் தண்ணி ஒட்ட வத்தி, அடியில கறுப்புப் பாசி தெரிஞ்சா சாமான அப்படியே போட்டுட்டு மேல ஓடிரும். பத்து எண்ணுறதுக்குள்ள கடல் ஏறி வரும்னாரு. அன்னைக்குலேருந்து ஆனி ஆடியில நான் கீழ நின்னதில்ல.

டீச்சர்கிட்ட சொல்லலியான்னு கேப்பீங்க. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. சொல்லணும்னு நெனைக்காம இல்ல சார். ஆனா அவங்க பிசிக்ஸ் எடுக்கிறவங்க. அலை எப்படி வருது, எதுக்கு வருதுன்னு காலேஜுல போர்டுல எழுதிப் போடுறவங்ககிட்ட, பத்தாங்கிளாஸ் முடிக்காத நான் போயி தண்ணி வத்தும்னு சொல்லவா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க ஏன் அண்ணாச்சி மேல நிக்கிறீங்கன்னு ஒரு தடவ கேட்டாங்க. முட்டு வலி, இறங்கினா ஏற முடியலன்னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. முட்டு வலி உண்டு, பொய்யில்ல. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு ஆனி முழுக்கப் போயிருச்சு.

ஆடி ரெண்டாவது சனிக்கிழமை. மழை இல்ல, மேகம் மட்டும். காலையில ஆறேகாலுக்கு நான் போகும்போது அவங்க ஸ்கூட்டர் நிக்குது. கீழ கல்லுல ஆரஞ்சுக் கோட்டு தெரிஞ்சுது. கையக் காட்டினாங்க, நானும் காட்டினேன். மேல ஸ்டாண்ட விரிச்சு, கண்ணாடி போட்டு, ரெண்டு கல்லும் இடுக்கும் வர்ற மாதிரி வச்சேன். டீச்சர் நின்ன கல்லு எனக்க படத்துக்கு வெளிய, எடது ஓரம். வானம் மோடம் போட்டுக்கிட்டு, வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னே தெரியாம எல்லாம் ஈய நெறத்துல இருந்துச்சு. அப்படி ஒரு வெளிச்சம் வருஷத்துல ஒரு தடவ வந்தா உண்டு. பட்டன அமுக்கினேன். எண்ண ஆரம்பிச்சேன்.

எழுபத்தி அஞ்சோ ஆறோ இருக்கும். இடுக்குல தண்ணி எறங்குது. எறங்கிக்கிட்டே போகுது. அடி தெரிஞ்சுது, கறுப்புப் பாசி, அதுல ஒட்டின சிப்பி, எல்லாம் பளபளன்னு. அருளப்பன் சொன்னது அச்சு அசலா. டீச்சருக்கு அதப் பாத்து சந்தோஷம். யாரும் பாக்காத அடிக்கல்லுலா? ஓடுறதுக்குப் பதிலா கேமராவத் தூக்கிட்டு ரெண்டு எட்டு முன்னாடி போனாங்க.

நான் கூப்பிட்டேன். டீச்சர்னு கூப்பிட்டேன். கூப்பிட்டேன்னுதான் நெனைக்கேன். காத்து அந்த மாதிரி.

எண்பத்தி அஞ்சுல தண்ணி வந்துச்சு. பெரிய அலையா நீங்க நெனைக்கக் கூடாது. சுருளல, நுரைக்கல. அடுப்புல பாலு பொங்குற மாதிரி பைய ஏறிச்சு. அவங்களத் தூக்கி அந்த இடுக்குக்குள்ள வச்சுட்டு எறங்கிச்சு. கால் கல்லுல மாட்டிக்கிட்டு, தலை மட்டும் வெளிய. அடுத்த தண்ணி வந்து தலையையும் மூடிச்சு. திரும்பத் தலை தெரிஞ்சுது.

அருளப்பன் மணல்ல உக்காந்து கயிறு பிரிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. கடல் மோசம்னு அன்னைக்கு அவங்க யாரும் எறங்கல. அவரு எனக்க பக்கமா ஓடி வந்து, தோளுல இடிச்சு, கயித்துக்க ஒரு நுனிய எனக்க கையில திணிச்சுட்டு, பிடியும்னு சொல்லிக் குதிச்சாரு. நான் பிடிச்சேன் சார். இந்தக் கையப் பாருங்க. இந்தக் கோடு கயிறு அறுத்தது. ரெண்டு பேரையும் இழுத்து மேல கொண்டு வந்தது இந்தக் கைதான். வேன்ல தூக்கிப் போட்டு, நாகர்கோவில் வரைக்கும் ஹாரன்ல இருந்து கை எடுக்கல. டீச்சருக்குக் காலு ரெண்டு எடத்துல ஒடிஞ்சு கம்பி வச்சாங்க. அவங்க மாமியார் வந்து சேர சாயங்காலம் ஆயிருச்சு, அதுவரைக்கும் கையெழுத்துப் போட்டது, ரத்தத்துக்கு ஆள் பிடிச்சது எல்லாம் நான். பச்சத்தண்ணி குடிக்கல.

மூணாவது நாள் டீச்சருக்கு நல்லா நெனவு வந்ததும் எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லியிருக்காங்க. தண்ணிக்குள்ள கெடந்து மேல பாத்தப்போ அண்ணாச்சி நின்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தாருன்னு. அவருக்க வாய் அசைஞ்சதப் பாத்தேன், அதப் பாத்துத்தான் எனக்குத் தெம்பு வந்துச்சுன்னு. அது எங்க சபைக்கும் வந்துருச்சு. அந்த ஞாயித்துக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்துல எனக்க பேரச் சொன்னாரு. காலேஜுல கூப்பிட்டுப் பொன்னாடை போத்தினாங்க. அம்பது அறுபது பிள்ளைங்க எந்திரிச்சு நின்னு கைதட்டிச்சு.

நான் என்ன செய்ய? இல்ல, ஜெபம் பண்ணலன்னு மைக்கப் பிடிச்சுச் சொல்லவா? மனசுக்குள்ள ஆண்டவரேன்னு சொல்லியிருப்பேன்லா. ஒரு மனுசன் அந்த நேரத்துல அதச் சொல்லாமலா இருப்பான்.

ரோஸ்லின் பொன்னாடைய மடிச்சு பீரோவுல வச்சா. ஒரு வாரம் கழிச்சு நான் சாயா ஆத்திக்கிட்டு இருக்கும்போது கேட்டா, என்னத்த எண்ணுறீங்கன்னு. நான் எண்ணலயேன்னேன். இல்ல, தொண்ணூத்தி மூணு, தொண்ணூத்தி நாலுன்னு சொன்னீங்கன்னா. அதுக்குப் பெறகு வாயத் திறந்து வச்சுக்கிட்டு சாயா ஆத்தினேன், வாய் அசைஞ்சா எனக்கே தெரியும்னு. அப்பவும் எண்ணினேன்.

இது பாறசாலைதானே? ஆமா, போர்டு தெரியுது. கூட்டம் ஏறுது. பரவால்ல, நான் எந்திரிக்கல.

அந்தப் படத்த நான் மூணு நாள் பாக்கவே இல்ல. நாலாவது நாள்தான் கம்ப்யூட்டர்ல போட்டேன். போட்டுட்டு எந்திரிச்சு ஷட்டர எறக்கிட்டேன். யாரும் உள்ள வரக் கூடாதுன்னு தோணிச்சு. அப்படி ஒரு படம் சார். அஞ்சு வருஷத்துல அப்படி ஒண்ணு எனக்கு வரல. ரெண்டு கல்லும் கரிக்கட்டி மாதிரி நிக்குது. நடுவுல இடுக்கு முழுக்க வெள்ளை, சும்மா வெள்ளை இல்ல, உள்ள வெளிச்சம் இருக்கிற வெள்ளை. ஒரு சத்தமும் இல்லாத எடம் மாதிரி இருந்துச்சு. நான் தேடிப் பாத்தேன், ஆரஞ்சு ஒரு பொட்டு உண்டான்னு. பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல.

பெரிய பிரிண்டாப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். நீங்க என்ன நெனைப்பீங்களோ. எனக்கு அப்ப அது ஒரு நல்ல காரியமாத்தான் பட்டுச்சு. டீச்சர், பயப்படாதீங்க, பாருங்க, அன்னைக்கு கடல் எவ்வளவு அமைதியா இருந்துச்சுன்னு காட்டணும்னு. அவங்க மடியில வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. பெறகு, அண்ணாச்சி, இதுக்க ஒரிஜினல் ஃபைல் கெடைக்குமான்னாங்க. கேமராவுல விழுந்தது விழுந்தபடி வேணும், கை வைக்காம. எனக்கு சந்தோஷம். ரெண்டு வருஷத்துல அவங்க எனக்க படம் ஒண்ணு வேணும்னு கேட்டதே இல்ல. மறுநாளே பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தேன்.

அதோட சரி. பேச்சு நின்னுருச்சு. போன் அடிச்சா எடுக்கல. வீட்டுக்குப் போனா மாமியார் வந்து, தூங்குதாங்கன்னாங்க. நாலு மாசம். நான் என்ன தப்பு பண்ணினேன்னு ரோஸ்லின்கிட்ட கேட்டேன். அவ என்ன நிமிந்து பாத்துட்டு, உங்களுக்குத் தெரியும்லான்னா. எனக்குக் கோவமும் வெப்ராளமும் வந்துருச்சு. எனக்கு என்ன தெரியும்?

போன வாரம் கார்டு வந்துச்சு. கண்காட்சிக்கு வாங்கன்னு, கையால ஒரு வரி. ‘கட்டாயம் வரணும் அண்ணாச்சி.’ இன்னைக்குக் காலையில போனேன். நல்ல சட்டை போட்டுக்கிட்டுத்தான் போனேன்.

உள்ள குளிரு. வெள்ளைச் சுவரு. அவங்க படம் பன்னிரண்டும் ரெண்டு பக்கமும் வரிசையா. எல்லாம் உடைஞ்சு சிதறுற தண்ணி. நடந்து போகும்போது ரெண்டு பக்கத்துலேருந்தும் கடல் இரையுற மாதிரி இருக்கு. கடைசிச் சுவருல ஒத்தப் படம், எல்லாத்தவிடவும் பெருசு. அதுக்கு முன்னாடிதான் கூட்டம். சும்மா நிக்காங்க. நான் தலைகளுக்கு மேலாப் பாத்தேன்.

எனக்க படம் சார்.

எனக்குப் பக்கத்துல நின்ன ஒரு வயசான அம்மா கண்ணத் தொடைச்சாங்க. எதுக்குன்னு தெரியல. எனக்க படத்தப் பாத்து யாரும் அதுவரைக்கும் அழுததில்ல. டீச்சர் வந்தாங்க, ஊன்றுகோல் வச்சுக்கிட்டு. எளைச்சுப் போயிருந்தாங்க. வந்ததுக்கு சந்தோஷம்னாங்க. உங்ககிட்ட கேக்காம மாட்டிட்டேன், வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே எறக்கச் சொல்றேன்னாங்க. நான் இல்ல டீச்சர், இருக்கட்டும்னேன்.

அப்பத்தான் பக்கத்துல வந்து, மெதுவா, கோவமே இல்லாத குரல்ல சொன்னாங்க.

“நான் தண்ணிக்குள்ள இருந்து உங்களப் பாத்தேன் அண்ணாச்சி. உங்க வாய் அசைஞ்சுது. எனக்காக ஒருத்தர் ஆண்டவன்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்காருன்னு நெனச்சு அந்தக் கல்லப் பிடிச்சேன். எனக்கு அந்தச் சாமி இல்ல, ஆனாலும் பிடிச்சேன்.”

நான் சுவருல இருந்த படத்தையே பாத்தேன்.

“ஃபைல்ல நேரம் எழுதியிருக்கு. நூத்தியிருபத்தோரு நொடி. நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க.”

அருளப்பன் எப்ப கயித்தக் கொடுத்தாருன்னு எனக்கு சரியா நெனவில்ல சார். அவரு இடிச்சப்போ விரல எடுத்தேனா, இல்ல எண்ணி முடிச்சு விரல எடுத்த பெறகுதான் அவரு வந்தாரா. அவரு இடிச்சப்போ எடுத்திருந்தா படம் ஆடியிருக்கணும். ஆடல. ஒரு மயிரிழை ஆடல. அத நான் ஸ்டூடியோவுல ஷட்டர எறக்கிட்டுப் பாத்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். அதான் ஷட்டர எறக்கினேனோ என்னவோ. எண்பத்தி அஞ்சுலேருந்து நூத்தியிருபது. முப்பத்தஞ்சு நொடி. நீங்க கடிகாரத்தப் பாத்து முப்பத்தஞ்சு நொடி சும்மா இருந்து பாருங்க. நான் பாத்தேன். தெனமும் பாக்கேன். அது ரொம்ப நேரம் சார்.

டீச்சர் கேட்டாங்க, “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. விரல எடுக்க முடியலையா, எடுக்கலையா?”

கை வெறைச்சுப் போச்சு டீச்சர்னு சொல்லத்தான் வந்தேன். யாருக்கும் அப்படி ஆகும்லா? கண்ணு முன்னால ஒரு ஆளு முங்குது, மனுசன் மரம் மாதிரி நின்னுருவான். உலகத்துல நடக்காததா? ஆனா மரம் எண்ணாதே சார். எனக்க வாயில எண்பத்தி ஆறு வந்துச்சு, எண்பத்தி ஏழு வந்துச்சு, ஒண்ணுகூட விட்டுப் போகல. வெளிச்சம் நல்லா இருக்கு, இப்ப விட்டா இருட்டா வரும்னு ஒரு நெனப்பு உள்ள ஓடிச்சா இல்லையா? ஓடிச்சுன்னு ஒரு நேரம் தோணுது. சாயா ஆத்தும்போது தோணுது. மத்த நேரம் இல்லன்னு தோணுது.

“தெரியல டீச்சர்”னேன். அதுதான் உண்மை.

அவங்க தலைய ஆட்டினாங்க. அந்தப் பதில் போதும்னா, இல்ல அந்தப் பதில்தான் வரும்னு தெரியும்னா, எனக்குப் புரியல. பெறகு சொன்னாங்க, “கிழிச்சுப் போடணும்னுதான் இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாத்துட்டு வச்சேன். நல்ல படம் அண்ணாச்சி. என் கேமரா போயிருச்சு, அந்த நேரத்துக்கு வேற சாட்சி கெடையாது. அந்த வெள்ளைக்குள்ள நான் இருக்கேன். அதனாலதான் மாட்டினேன்.”

யாரோ கூப்பிட்டாங்க, ஊன்றுகோல ஊனிக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பிப் பாக்கல. சத்தம் போட்டிருந்தா, நாலு பேருக்கு முன்னால என்ன அசிங்கப்படுத்தியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். கயித்தப் பிடிச்ச கையக் காட்டியிருப்பேன். அவங்க அதுக்கு எடம் தரல. இதத்தான் சார் நான் உங்ககிட்ட மொதல்லயே கேட்டேன், இப்படியா ஒருத்தர நடத்துறதுன்னு.

இது என்ன எடம்? மார்த்தாண்டமா? அதுக்குள்ளயா? அடுத்தது நான் இறங்கணும். இருங்க, முடிச்சுட்டு எந்திரிக்கேன்.

நான் அந்தப் படத்துக்குப் பக்கத்துல தனியா நின்னேன். எறக்கச் சொல்லணும்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு வார்த்தை போதும்னு டீச்சரே சொல்லியாச்சு. இத மாட்டி வச்சுப் பாக்கிறதுக்கு எனக்கு அருகதை இல்ல, அதாவது தெரியணும்லா ஒரு மனுசனுக்கு. அந்த நேரம் பாத்து கேலரியில வேல செய்யுற பொண்ணு ஒண்ணு, மலையாளத்துக்காரி, கையில சீட்டும் பேனாவுமா வந்துச்சு. படத்துக்குக் கீழ ஒட்டியிருந்த சீட்டக் காட்டி, நீங்கதானே எடுத்தது, பேரு சரியா இருக்கான்னு கேட்டுச்சு. நான் குனிஞ்சு பாத்தேன். ‘ஜே. ஏசுவடியான்’னு போட்டிருந்துச்சு. எறக்கிருங்கன்னு சொல்லத்தான் சார் வாயத் திறந்தேன். ஆண்டவர் சத்தியமா அதுக்குத்தான் திறந்தேன்.

ஜே இல்ல மோளே, டீ. அப்பா பேரு தாசையன். டீ போடுன்னேன்.

அது புதுச் சீட்டுல எழுதி ஒட்டிச்சு. கோணலா ஒட்டியிருந்துச்சு, நேராக்கச் சொன்னேன். நேராக்கினதும், சரியா இருக்கான்னு ரெண்டு எட்டுப் பின்னால போய் நின்னு பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன்.